பூட்டுக்குப் பதவி உயர்வு கோரி

பெறுநர்: உயர்திரு பூங்காப் பிரிவு அலுவலர் அவர்கள், எங்கள் நகராட்சி.

பொருள்: எங்கள் குடியிருப்புப் பூங்காவில் அயராது பணிபுரியும் திருவாளர் பூட்டு அவர்களுக்குப் பதவி உயர்வும் பாராட்டுச் சான்றிதழும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: "தங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது" என்று என் கைபேசிக்கு வந்த தங்கள் குறுஞ்செய்தி.

ஐயா,

குறுஞ்செய்தி கிடைத்தது. மிக்க நன்றி. பூங்காவில் உள்ள கழிப்பறை எப்போதும் பூட்டியே கிடக்கிறது என்று நான் எழுதியிருந்தேன். எழுதிய வேகத்தில் உங்கள் ஆட்கள் வந்துவிட்டார்கள். துருப்பிடித்த பழைய பூட்டை அறுத்து எறிந்தார்கள். பளபளவென்று புதிய பித்தளைப் பூட்டு ஒன்றை மாட்டினார்கள். அதன் பக்கத்தில் ஒருவர் நிற்க, இன்னொருவர் போட்டோ எடுத்தார். நான் வீடு வந்து சேர்வதற்குள் புகார் தீர்ந்துவிட்டது.

குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனுவில் பூட்டைப் பற்றி எழுதியிருந்தேன், பூட்டைக் கவனித்துவிட்டீர்கள். கதவைப் பற்றி இன்னும் விளக்கமாக எழுதியிருக்க வேண்டும் போலும்.

அன்றிலிருந்து திருவாளர் பூட்டு அவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. உங்கள் துறையில் நேரத்துக்குப் பணியில் இருப்பவர் அவர் ஒருவர்தான். மழையானாலும் வெயிலானாலும் இருந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார். "சார் மீட்டிங்ல இருக்காரு" என்ற பேச்சே கிடையாது. டீ குடிக்கப் போவதில்லை. கை நீட்டியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மற்றவர்களெல்லாம் ஒப்பந்தத்தில் வந்து போகிறார்கள், இவர் மட்டும் நிரந்தரம். இப்படிப்பட்டவரை இன்னும் கழிப்பறைக் கதவிலேயே வைத்திருப்பது அநியாயம் இல்லையா?

அவருடைய கடமை உணர்ச்சியை நேரில் பார்த்த சம்பவத்தைச் சொல்கிறேன். கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவுக்கு 78 வயது. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறாள். தினமும் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் மாலையில் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். இரண்டாவது சுற்று முடிவதற்குள், "ஏன்டி, அவசரமா வருதுடி" என்றாள். கழிப்பறைக்குப் போனால், வாசலில் திருவாளர் பூட்டு. காவலுக்கு இருக்கும் பெரியவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "சாவி என்கிட்ட இல்லம்மா. சூப்பர்வைசர் வச்சிருக்காரு." சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை. உங்கள் அலுவலகத்தில் எடுத்தார்கள். "கேட்டு மட்டும்தான் மேடம் எங்களோடது. பாத்ரூம் சுகாதாரப் பிரிவு. நாளைக்குக் காலைல பண்ணுங்க" என்றார்கள்.

நாளைக் காலை வரை அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

எதிர்வீட்டு மணியை அழுத்தினோம். முன்பின் தெரியாதவர்கள். கதவைத் திறந்து உள்ளே அழைத்தார்கள், வெளியே வந்ததும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் ஐயா, இதை எப்படிப் பணிவாக எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு "போய்ட்டு வா" என்று அனுமதி கொடுத்தவள், அன்று ஒரு வீட்டு வாசலில் நின்று அனுமதி கேட்டாள். திரும்பி வரும்போது முந்தானையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டே நடந்தாள். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது மொட்டை மாடியில் நடக்கிறாள். எங்கள் வரிப் பணத்தில் கட்டிய கழிப்பறை, எங்கள் வரிப் பணத்தில் வாங்கிய பூட்டு. ஒரு கிழவிக்கு மூத்திரம் போக இடம் தர முடியாத உங்களுக்கு டைல்ஸ் ஒட்டிய முகப்பு வளைவு எதற்கு?

மன்னிக்கவும். நடை தவறிவிட்டது. திருவாளர் பூட்டு அவர்களின் பெருமைக்கே வருகிறேன்.

அவருக்கு இங்கே பெரிய குடும்பம் உண்டு. மூத்தவர் வாசல் கேட்டில் இருக்கிறார். காலை 5 முதல் 8 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் விடுப்பு எடுத்துக்கொள்வார், மற்ற நேரமெல்லாம் பணிதான். தம்பி ஊஞ்சலில். ஊஞ்சல் இரண்டையும் சேர்த்துச் சங்கிலியால் கட்டி, நடுவே தொங்குகிறார். குழந்தைகள் வேகமாக ஆடுகிறார்களாம், ஊஞ்சல் தேய்ந்துவிடுமாம். குடிநீர்க் குழாய்க்கு ஒரு கூண்டு, கூண்டுக்கு ஒரு பூட்டு, இவர் ஒன்றுவிட்ட பங்காளி. பூப்பந்து மைதானத்தில் இருப்பவர் மட்டும் கொஞ்சம் இளகிய மனசுக்காரர், கவுன்சிலர் மகன் வந்தால் திறந்துகொள்வார்.

பூட்டு போட முடியாதவற்றின் கதியைப் பார்த்தால் பூட்டே தேவலாம் என்று தோன்றுகிறது. எட்டு வடிவ நடைபாதை என்று கூழாங்கல் பதித்துப் போட்டீர்கள். பிறகு குழாய் புதைக்க அதில் பாதியைத் தோண்டினீர்கள். எட்டு இப்போது மூன்றாகிவிட்டது. ஊரில் பாதி முழங்கால்கள் அந்த மூன்றில்தான் நடந்து திரும்புகின்றன. உடற்பயிற்சிக் கருவிகளில் சைக்கிளுக்கு மிதிகட்டை இல்லை. 'புல்தரையில் நடக்காதீர்' என்ற பலகை இருக்கிறது, அதைச் சுற்றிப் புல் இல்லை. கல்வெட்டுகள் மட்டும் நல்ல நிலையில் இருக்கின்றன. திறப்பு விழாவுக்கு ஒன்று, புனரமைப்புக்கு ஒன்று, மறு புனரமைப்புக்கு ஒன்று. நிழல் தரும் மரத்தைவிட அவை உயரம்.

மரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பகல் பன்னிரண்டு மணி வெயிலில் உணவு விநியோகம் செய்யும் பையன்களும், அடுத்த வீட்டு வேலைக்குப் போகும் முன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க இடம் தேடும் பெண்களும் இந்தத் தெருவில்தான் நிற்கிறார்கள். உள்ளே அவ்வளவு நிழல் இருக்கிறது, கேட்டில் மூத்தவர் இருக்கிறார். வெயில் தாழ்ந்த பிறகு நிழல் அனுபவிக்கலாம் என்பது உங்கள் நேரப் பட்டியல். அந்தப் பழைய தூங்குமூஞ்சி மரம் மட்டும் உத்தரவை மதிக்காமல் ஒரு கிளையைச் சுவருக்கு வெளியே நீட்டியிருந்தது. பையன்கள் அதன் கீழே வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருப்பார்கள். போன மாதம் அந்தக் கிளையை வெட்டினீர்கள். மரத்துக்குப் பூட்டு போட முடியவில்லை, வேறென்ன செய்வீர்கள், பாவம்.

இந்த இடம் உங்களுக்கு எப்படி வந்தது என்பது கோப்பில் எங்காவது இருக்கும். பெரிய மனைப்பிரிவு போடும்போது சாலை போக மீதி நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொது ஒதுக்கீடாக விட வேண்டும். இன்றைய சட்டமும் அதுதான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 2019-ன்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் அந்த 10 சதவீதத்தை நிலமாகவே தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாக வேண்டும், பணம் கட்டித் தப்ப முடியாது. மனை விற்றவர் அந்த நிலத்தின் விலையைத் தன் பையிலிருந்தா போட்டார்? எங்கள் மனைகளின் சதுர அடி விலையில் ஏற்றி வாங்கிக்கொண்டார். 'பூங்காவுக்கு எதிர் மனை' என்று கூடுதலாக வாங்கியவர்களும் உண்டு, அவர்கள் இப்போது பூட்டுக்கு எதிர் மனையில் இருக்கிறார்கள். ஆக, காசு எங்களுடையது, தானம் எங்கள் பெயரால், சாவி உங்களிடம்.

இதில் உங்கள் சட்ட அறிவை மெச்ச வேண்டும். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பூங்காவை வேறு காரியத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பது அதிலிருந்து எல்லோருக்கும் தெரியும். பூட்டக் கூடாது என்று அந்த வழக்கில் யாரும் கேட்கவில்லை. அந்தச் சந்தில் நீங்கள் நுழைந்துகொண்டீர்கள். விற்கவில்லை, ஆக்கிரமிக்கவில்லை, கட்டடம் கட்டவில்லை. ஆவணத்தில் பூங்கா பூங்காவாகவே இருக்கிறது.

பழைய சென்னைக்காரர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் போதவில்லை. 1859-ல் வந்த ஆளுநர் டிரெவெல்யன், சென்ட்ரல் பக்கம் 'பீப்பிள்ஸ் பார்க்' என்று மக்கள் பெயரிலேயே பெரிய பூங்கா போட வழிசெய்தார். பிறகு அந்த நிலத்தில் விக்டோரியா பொது மண்டபம் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, 1913-ல் ரிப்பன் மாளிகையே வந்தது, பின்னால் நேரு விளையாட்டரங்கமும் வந்தது. கடைசியில் மை லேடீஸ் பூங்கா என்று ஒரு மூலை மிஞ்சியது. அன்றைக்கே திருவாளர் பூட்டு பணியில் சேர்ந்திருந்தால் முழுப் பூங்காவும் தப்பியிருக்கும். மக்கள்தான் பார்த்திருக்க முடியாது.

அதே சென்னையில்தான் 1930-ல் மாநகராட்சியே வானொலி நடத்தியது. வீட்டில் வானொலிப் பெட்டி இல்லாதவர்களுக்காகப் பூங்காக்களில் ஒலிபெருக்கி கட்டினார்கள். ஜனங்கள் சாயங்காலம் உட்கார்ந்து பாட்டு கேட்டார்கள். ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் கூட்டம் கூடியது, திராவிட முன்னேற்றக் கழகம் தன் முதல் பொதுக்கூட்டத்தை அங்கேதான் நடத்தியது. இன்று அந்தப் பூங்காவுக்கு அண்ணாவின் பெயர். எங்கள் மூத்தவர் அன்று அந்த வாசலில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏழு மணிக்கு விசில் ஊதியிருப்பார்கள், "கூட்டம் போடாதீங்க, வெளிய போங்க" என்றிருப்பார்கள், தமிழ்நாட்டு அரசியலே வேறு மாதிரி போயிருக்கும். திருவாளர் பூட்டு அவர்களின் ஆற்றலைத் தாங்களே இன்னும் முழுதாக உணரவில்லை என்பது என் எண்ணம்.

எங்கள் பூங்காவில் கட்சி தொடங்கும் உத்தேசம் யாருக்கும் இல்லை. மூன்று பிள்ளைகள் உட்கார்ந்து டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். வீட்டில் ஓர் அறை, ஐந்து பேர், எப்போதும் ஓடும் டிவி. காலை எட்டு மணிக்கு அவர்களை வெளியே அனுப்பினீர்கள். அவர்களில் ஒருவராவது தேறி உங்கள் அலுவலகத்துக்கே வந்துசேர வேண்டும் என்பது என் பிரார்த்தனை.

காவல் பெரியவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் அம்மா அவதிப்பட்டதைப் பார்த்துத் தலைகுனிந்து நின்றவர் அவர் ஒருவர்தான். அவர் கையில் விசிலைக் கொடுத்தீர்கள், சாவியைக் கொடுக்கவில்லை. ஒப்பந்தக்காரர் தரும் சம்பளத்தில் வேலை பார்க்கிறார், அவருக்கே அவசரம் என்றால் எங்கே போகிறாரோ. இதைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். அவரைப் போல எத்தனை பேர் உங்கள் அலுவலகத்து ஏ.சி. அறைக்கு வெளியே நாள் முழுக்க நிற்கிறார்கள், உங்களுக்கு மட்டும் ஒட்டினாற்போல் தனிக் கழிப்பறை, அதன் சாவி உங்கள் மேஜை டிராயரில். இதில் கூச்சமே வராதா?

மீண்டும் மன்னிக்கவும். நல்ல காரியத்துக்கு எழுதிய கடிதம் இது.

ஆகவே, தங்கள் மேலான கவனத்துக்கு என் விண்ணப்பம் இதுதான். திருவாளர் பூட்டு அவர்களின் நீண்ட சேவையைப் பாராட்டி அவரை அங்கிருந்து பதவி உயர்வோடு இடமாற்றம் செய்யுங்கள். உங்கள் அலுவலகக் கல்வெட்டுக் கிடங்கின் வாசல் அவருக்குப் பொருத்தமாக இருக்கும், புதிய கல்வெட்டு எதுவும் வெளியே வராமல் பார்த்துக்கொள்வார். கழிப்பறைச் சாவி காவல் பெரியவரிடம் இருக்கட்டும். சுத்தம் செய்ய ஆளும், அவருக்கு ஒழுங்கான சம்பளமும், தண்ணீரும் கொடுங்கள். பகலில் கேட் திறந்திருக்கட்டும். ஊஞ்சல் தேய்ந்தால் தேயட்டும், அதற்குத்தான் ஊஞ்சல்.

இப்படிக்கு,
வரி பாக்கி இல்லாத ஒரு குடிமகள்

நகல்: மற்ற வார்டுகளில் இதைப் படிக்கும் எல்லோருக்கும். உங்கள் தெருப் பூங்காவிலும் திருவாளர் பூட்டின் உறவினர் யாராவது இருப்பார். குறுஞ்செய்தியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் உங்கள் உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கழிப்பறை கட்ட ஆன செலவு எவ்வளவு, அதைப் பராமரிக்க மாதாமாதம் யாருக்கு எவ்வளவு பணம் போகிறது, சாவிக்குப் பொறுப்பான அலுவலர் யார், பூங்கா நேரத்தை எந்தத் தீர்மானத்தின்படி முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். நான் என்னுடையதைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.