தபசுப் பூனை

வாடா பேராண்டி, வா. தாம்பரத்துக் கல்யாண மண்டபத்துல அரங்கேற்றம் படம் புடிச்சிட்டு வந்துட்டியாமே. எத்தினி படம்? மூவாயிரத்து நானூறா? அடேயப்பா! ஆடின பொண்ணு அந்த ரெண்டு மணி நேரத்துல அத்தினி தடவ கண்ணு சிமிட்டியிருக்க மாட்டாளே. அதுல நல்லா வந்தது எத்தினி? "இனிமேதான் பாக்கணும் தாத்தா"ன்ற. அதுவும் சரிதான். அங்க பாக்கலை, இங்க வந்து பாக்கப்போற. அதுக்குத்தானே உங்கப்பன் பெருங்களத்தூர்ல வீட்டக் கட்டி, உனக்கு அம்மாம்பெரிய கம்ப்யூட்டரையும் வாங்கி வெச்சிருக்கான்.

நான் சொல்றத நீ ஒண்ணும் காதுல போட்டுக்காத. நான் செய்யாத்துப் பக்கத்துப் பட்டிக்காட்டான். சின்னப்பையனா இருந்தப்ப கூத்துக் களத்துல பெட்ரோமாக்ஸுக்குக் காத்தடிச்சேன். பெரியவனானதும் வயர்மேன் உத்தியோகம் கெடச்சி கரண்டு கம்பத்துல ஏறினேன். ரெண்டும் வெளிச்சம் காட்டுற வேலைதான். அதைத் தவிர கலைக்கும் எனக்கும் வேற பாத்தியதை கெடையாது.

மொதல்ல எங்க நிக்கிறதுன்னு சொல்றேன். மேடைக்கு நேர் எதிர்க்க, நட்ட நடுவுல, எந்திரிச்சி நில்லு. உக்காந்துடாத. பின்னால பொண்ணோட பாட்டி கும்பகோணத்துலருந்து ராவெல்லாம் முழிச்சி வந்திருப்பா. அவளுக்குப் பேத்தி மூஞ்சி இன்னாத்துக்கு? உன் முதுகு போதும். நம்ம ஊரு ஜி.எஸ்.டி ரோட்டுல பொங்கலுக்கும் தீவாளிக்கும் பஸ்ஸுக்கு நிக்கிற கூட்டத்தப் பாத்திருக்கயில்ல? கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு 2023 கடைசியில தொறந்தப்புறம் அதுல பாதிக் கூட்டம் எங்க போச்சுன்னு ரொம்ப நாளா யோசிச்சேன். கேமராவத் தூக்கிக்கினு மேடைக்கு முன்னால வந்து நின்னுடுச்சி போல.

ஓரமா உக்காரலாமேன்னு எவனாவது சொன்னா கேக்காத. ஓரத்துல உக்காந்தா நட்டுவனார் தாளம் தட்டுற கையும் பொண்ணோட காலும் ஒரே படத்துல வந்து தொலையும். அரைமண்டி போட்டா முட்டி எவ்ளோ தூரம் விரியுதுன்னு தெரிஞ்சிடும். எதுக்கு வம்பு? அப்புறம், பாதத்த வெட்டிடு. அந்தப் பொண்ணு ஏழெட்டு வருஷம் தட்டித் தட்டிப் பழகினது காலைத்தான். அது படத்துல விழுந்தா சலங்கை சத்தம் கேட்டுடுமோன்னு பயந்தாப்புல கணுக்காலோட நறுக்கிடு. தலைக்கு மேல மட்டும் ஒரு மொழம் எடம் விடு, பேனர்ல "வாழ்த்துகிறோம்" தெரியணுமில்ல.

இந்தப் படத்துல மூஞ்சியெல்லாம் ஊதா ஊதாவா கீதே, இது யாரு, கிருஷ்ணனா? ராதையா! எல்.இ.டி வெளிச்சமா? பெட்ரோமாக்ஸ்ல இந்தக் கஷ்டம் இல்லடா. அது வெள்ளையா, அசையாம எரியும். ராத்திரி ஒரு மணிக்குத் துரியோதனன் மூஞ்சி அரிதாரம் சிவப்பா இருந்தா சிவப்பாவேதான் தெரியும். இந்த ஊதாவும் ரோஸும் மூஞ்சியில அடிச்சா அந்த ஒரு நெறம் மட்டும் ரொம்பி வழிஞ்சி, மூக்கு எது கன்னம் எதுன்னு தெரியாமப் பூசினாப்புல ஆயிடும். கொஞ்சம் இருட்டாவே புடிச்சி, ரா ஃபைலா வெச்சிக்கினு, அப்பால வீட்டுல தூக்கிவுட்டுக்கலாம். வழிஞ்சத மட்டும் வாரவே முடியாது.

குறுக்க பட்டை பட்டையா வரி ஓடுதே, அது இன்னா? நாட்டியத்துக்கு வரிக்குதிரை வந்துச்சா? கம்பத்துல ஏறினவன் சொல்றேன், இத மட்டும் கேட்டுக்க. நம்ம ஊரு கரண்டு வினாடிக்கு 50 சுத்து. அதுல எரியுற டியூப்லைட்டு 100 தடவ அடங்கி எழும்பும். மட்டமான எல்.இ.டியும் துடிக்கும், சிலது அதவிட வேகமாவே. உன் கண்ணுக்குத் தெரியாது. நீ சத்தமில்லாம இருக்கட்டும்னு எலக்ட்ரானிக் ஷட்டரப் போட்டியே, அது படத்த மேல இருந்து கீழ வரி வரியாப் படிக்கிது. லைட்டு அடங்குன நேரத்துல படிச்ச வரியெல்லாம் கறுப்பு. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்து, முக்கால்வாசி போயிடும். ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாலயே லைட் புடிக்கிற தம்பிகிட்டப் போயி, ஒரு டீ வாங்கிக் குடுத்து, எந்தப் பாட்டுக்கு எந்த நெறம்னு கேட்டு வெச்சிக்க. அய்யய்யோ, நீ படிச்ச புள்ள, லைட்டுக்காரன்கிட்டல்லாம் பேசுவியா! பிளாஷ் மட்டும் அடிச்சிடாத. கண்ணை உருட்டி நரசிம்மரா நிக்கிற புள்ளைக்கு அப்புறம் ரெண்டு நிமிஷம் இரணியன் கண்ணுக்குத் தெரியமாட்டான்.

வினாடிக்கு 20 படம் அடிக்கும்னு பெருமையா சொன்னியே, ஒரு கணக்குப் போடலாமா? ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் 1/500 வினாடி தொறக்குது. இருவது தடவ தொறந்தா மொத்தம் வினாடியில 25ல ஒரு பங்கு. மீதி 24 பங்கு நேரம் உன் கேமரா கண்ண மூடிக்கினு தூங்குது. கும்பகர்ணன்கூட ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி முழிச்சிக்குவான்டா. அந்தப் பொண்ணோட பாதம் பலகையில பட்ட நொடி அந்த 24 பங்குல எங்கயோ பூந்துபோச்சி.

கண்ணுக்குத் தெரிஞ்சப்புறம் அமுக்கினா நேரம் போயாச்சி. பழைய எஸ்.எல்.ஆர் கேமராவுல, படம் விழற நேரத்துல கண்ணாடி மேல தூக்கிக்கினு பார்வை இருட்டாயிடும். நீ கண்ணால பாத்தத அது புடிக்கலை. அது புடிச்சத நீ பாக்கலை. அப்ப எப்பிடி அமுக்குறது? காதாலதான். ஜதி ஓடி முடியுறப்ப தீர்மானம் ஒரே சொல்லு மூணு வாட்டி வருதில்ல? மொதல் வாட்டி கேளு. ரெண்டாம் வாட்டி கேமராவத் தூக்கு. மூணாம் வாட்டி கடைசிச் சொல்லு சமத்துல வந்து விழறதுக்கு ஒரு மயிரிழை முன்னால அமுக்கு. அங்க அவ நிப்பா, கையும் காலும் கண்ணும் ஒரே கோட்டுல. அவ குதிச்சாலும் அப்பிடித்தான். மேல போயி கீழ எறங்கறதுக்கு நடுவுல ஒரு இம்மி நேரம் அந்தரத்துல நிக்கிறாப்புல தெரியும், அங்க 1/250யே தாராளம். தாளம் போடத் தெரியுமாடா உனக்கு? தொடையில ஆதி தாளம் போடு பாப்போம். எட்டு எண்ணணும்டா, ஒம்போது எண்ணுற!

அமெரிக்காவுல பார்பரா மார்கன்னு ஒரு அம்மா புடிச்ச படம்னு நீதானே போன்ல காட்டின. 1940ல மார்த்தா கிரகாம் ஒரு கால ஒதைச்சி, பாவாடை விசிறியாட்டம் விரிய, குனிஞ்சி நிப்பாளே. மார்கன் அம்மா ஆட்டத்தத் திரும்பத் திரும்பப் பாத்து, எந்த அசைவுல மொத்த ஆட்டமும் அடங்குதுன்னு மனசுல எடுத்துவெச்சிக்கினு, அப்பால ஸ்டூடியோவுல தனியா ஆடச் சொல்லிப் புடிச்சாளாம். பாவம், வினாடிக்கு 20 அடிக்கிற மிஷினு அப்ப இல்ல. மூளையத்தான் செலவு பண்ணியிருக்கா.

பதம், அபிநயம்னு வந்துட்டா வேகத்தையெல்லாம் மூட்டைகட்டு. பாலசரஸ்வதி அம்மாவ சத்யஜித் ரே 1976ல படமெடுத்தப்ப அவங்களுக்கு 58 வயசு. கடற்கரையில காத்து சேலையப் புடிச்சி இழுக்குது, அந்தம்மா பாட்டுக்குக் கிருஷ்ணனக் கூப்புட்டுக்கினு இருக்காங்க. அதுல எங்கடா குதியலு? புருவம் ஏறி எறங்குற நேரத்துக்குக் காத்திருக்கணும். நீ அந்த நேரம் பாத்துத்தான் மெமரி கார்டு மாத்துவ.

உன்னக் கூத்துக்கு இட்டுக்கினு போனதச் சொன்னா உங்கம்மா இப்பவும் சிரிப்பா. ரெண்டு பேரு திரையப் புடிச்சிக்கினு நிக்க, அதுக்குப் பின்னால துரியோதனன் சலங்கை அதிருது, மேல கிரீடம் மட்டும் எட்டிப்பாக்குது. எப்பேர்ப்பட்ட படம்! தொரை அப்ப பையில லென்ஸ் தேடிக்கினு இருந்தாரு. திரை வெலகி வேஷம் கிறிக்கி அடிச்சிச் சுத்திக்கினே வந்தப்ப 1/1000ல புடிச்சி, பம்பரத்த ஆணியில மாட்டினாப்புல நிறுத்திவெச்சிட்ட. 1/30க்கு எறக்கியிருந்தா மூஞ்சி நின்னு, பாவாடை சுத்தியிருக்கும். அப்புறம் களத்துக்குள்ளயே பூந்தியே, கட்டியங்காரன் பாட்ட நிறுத்திட்டுக் கேட்டானில்ல: "ராசா, உங்களோட சேத்து நூறு பேருன்னுதானே பாரதத்துல கீது. இந்த நூத்தியொண்ணாவது ஆளு எந்தாயி பெத்தவரு?" ஊரே சிரிச்சிச்சி. நல்ல ஆளா இருந்ததால அதோட வுட்டான்.

ஆனா அன்னிக்கி வேஷம் கட்டுற கொட்டாயில அந்தப் பெரியவரு கைக்கண்ணாடியப் பாத்துக்கினு தானே மூஞ்சிக்கு எழுதினத ஒண்ணு புடிச்சிருந்த. பக்கத்துல கல்யாண முருங்கை மரத்துல செதுக்கின புஜக்கட்டை சாஞ்சி கெடக்கும், கண்ணாடியில பாதி மூஞ்சி மனுஷன், பாதி துரியோதனன். உருப்படியா அது ஒண்ணு. கேட்டுட்டுப் புடிச்ச, அதனால வந்துச்சி. அத பிரிண்டு போட்டு அவருக்குக் குடுத்தியா? இன்ஸ்டாகிராம்ல போட்டியா! அவரு எந்தக் கிராமம், அது எந்தக் கிராமம்?

அருச்சுனன் தபசுக் கூத்துல வேஷக்காரரு தபசு மரத்து மேல பாட்டு படிச்சிக்கினே ஏறி, உச்சியிலருந்து விபூதியும் எலுமிச்சம்பழமும் போடுவாரே, அதையும் கருக்கிட்ட. பின்னால வானம் பளீர்னு இருந்தா கேமரா வானத்துக்குத்தான் அளவு பாக்கும், மூஞ்சி கரிச்சட்டிதான். ரெண்டு படி ஏத்தணும், இல்லன்னா மூஞ்சிய மட்டும் பாத்து அளவெடுக்கணும். கம்பத்து மேல ஏறின எனக்குக் கீழருந்து பாக்கிறவன் நெலமை நல்லாத் தெரியும்.

அதே தபசு மாமல்லபுரத்துல கல்லுலயும் கீது. அருச்சுனன்றாங்க, பகீரதன்றாங்க, யாரோ ஒருத்தரு எலும்பு தெரிய ஒத்தக்கால்ல நிக்கிறாரு. அதுக்கெல்லாம் கீழ யானை பக்கத்துல பாரு. ஒரு பூனையும் ரெண்டு கையத் தூக்கிக்கினு தபசு பண்ணுது. எலிங்க அத நம்பி முன்னால வெளையாடுதுங்க. அத மொதமொதல்ல பாத்தப்பவே எனக்கு உன் நெனப்புதான். ஒரு கண்ண மூடிக்கினு, கைய ஒசத்திக்கினு, மூச்ச அடக்கிக்கினு நிக்கிறதப் பாத்தா எவ்ளோ பக்திமான்னு தோணும். உன் கண்ணு இருக்குறது எலி மேல.

மார்கழியில அங்க நாட்டிய விழா போடுறாங்க. அந்தப் பாறைக்கு எதிர்க்கவே மேடை கட்டி ஆடின காலமெல்லாம் உண்டு. இந்த வருஷம் நானும் வரேன். வண்டலூர் போயி, கேளம்பாக்கம் பஸ்ஸப் புடிச்சி, அங்கருந்து மாறிக்கலாம். மொத நாள் கேமராவ வீட்டுல வெச்சிட்டு வா, ரெண்டாம் நாள் எடுத்துக்கலாம். முடியாதா? சரி, கொண்டா. பஸ்ஸுல பைய மடியில வெச்சிக்க, சீட்டு எனக்கு.