நூறு சைக்கிள் கணக்கு

அனுப்புநர்: மண்டைக்காட்டில் சைக்கிள் சவிட்டுகிற ஒருவன்.
பெறுநர்: கடற்கரை நெடுஞ்சாலையைக் கட்டிக் காக்கும் பெருமக்கள்.
பொருள்: சாலையோரம் 2 மீட்டர் இடம் கேட்டல் - தொடர்பாக.
பார்வை: சாலையோரம் (நேரில் பார்க்கவும்).

ஐயா, அம்மா,

மணவாளக்குறிச்சியிலிருந்து மண்டைக்காடு வழியாகக் குளச்சலுக்குப் போகும் சாலையைப் புதுப்பிப்பதற்கு முதலில் நன்றி. பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போடுவதால் சாலை வளர்ந்துகொண்டே போகிறது. ஓரத்து மண்தான் வளர மறுக்கிறது.

பாறை ஏற்றிய டாரஸ் லாரி பின்னால் வந்து ஹாரன் அடித்தால், பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை தார் விளிம்பிலிருந்து முன்சக்கரத்தை இறக்குகிறாள். மழைத்தண்ணீர் அரித்த பள்ளத்தில் சைக்கிள் சாய, புத்தகப் பையோடு ஒற்றைக் காலை ஊன்றி நிற்கிறாள். லாரி போனதும் உந்தி மேலே ஏறுகிறாள். அதற்குள் பஸ் வந்துவிடுகிறது.

அந்தச் சைக்கிளும் அரசு கொடுத்ததுதான். 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்குத் தொடங்கிய திட்டம், 2005-06 முதல் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஒரு துறை சைக்கிள் கொடுக்கிறது. இன்னொரு துறை அதை உருட்டிக்கொண்டு போக வைக்கிறது. ஒரே அரசின் இரண்டு கைகளுக்குள் இவ்வளவு கூச்சம் ஆகாது.

விதி தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962-லேயே எழுதிவைத்தது: மணிக்கு 200-க்கு மேல் மோட்டார் வண்டிகள் ஓடும் சாலையில், மணிக்கு 100 சைக்கிள் போனாலே தனிப்பாதை நியாயம்தான், குறைந்தது 2 மீட்டர் அகலம் வேண்டும். பின்னாளில் விதியைத் திருத்தினார்கள். "இங்க எங்க சைக்கிள் போகுது?" என்ற கேள்வி மட்டும் இன்னும் திருந்தவில்லை. பயந்து சைக்கிளை வீட்டில் சாத்தி வைத்தவன் எந்தக் கணக்கிலும் வரமாட்டான். பாதை இல்லாததால் ஆள் இல்லை. ஆள் இல்லாததால் பாதை இல்லை. இவ்வளவு உறுதியான கட்டுமானம் இந்தச் சாலையில் வேறெங்கும் இல்லை.

இடமில்லை என்பீர்கள். இருபுறமும் வீடும் கடையும் நெருக்கமாக இருப்பது உண்மைதான். ஆனால் ஃபிளக்ஸ் போர்டுக்கும், நிறுத்திய காருக்கும், கொட்டிய ஜல்லிக்கும் இடம் இருக்கிறது. மண்டைக்காட்டு அம்மன் கோவில் மாசிக் கொடையின் பத்து நாளும் கேரளத்திலிருந்து இருமுடி கட்டிப் பெண்கள் வரும்போது இதே சாலை ஒதுங்கி வழிவிடுகிறது. மனமிருந்தால் இதற்கு ஒதுங்கத் தெரியும்.

வடக்கே எட்டாவாவிலிருந்து ஆக்ராவுக்கு 207 கிலோமீட்டர் சைக்கிள் பாதையை 2016-ல் திறந்தார்கள். ஹைதராபாத்தில் 2023-ல், 23 கிலோமீட்டர் பாதைக்குச் சூரிய மின்தகட்டால் கூரையே வேய்ந்தார்கள். எங்களுக்குக் கூரை வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு பருவமழை நனைந்து பழகியவர்கள் நாங்கள். தாரும் மண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். நடுவே லாரி ஏற முடியாத ஒரு வரம்பு இருக்கட்டும். பள்ளிக்கூடங்கள் உள்ள பகுதிகளில் முதலில் தொடங்கினாலும் போதும்.

தலைவலி தீர நாங்கள் அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்துகொள்வது வழக்கம். பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் தாய்மாரின் தலைவலிக்கும் இப்போது அதையேதான் நேர வேண்டியிருக்கிறது. அம்மனுக்கும் எத்தனை இலாகாவைத்தான் கூடுதல் பொறுப்பாகக் கொடுப்பது?

ஆகவே, நூறு சைக்கிள்தான் தடை என்றால் நாளும் நேரமும் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகள், மீன் பெட்டி கட்டிய வியாபாரிகள், பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் என்று நூறு பேரைச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. கட்டன் சாயாவும் பழம்பொரியும் எங்கள் செலவு. ஒரே ஒரு நிபந்தனை: எண்ண வரும் அலுவலர் குளச்சலிலிருந்து சைக்கிளில் வர வேண்டும். அவர் வந்து சேர்ந்தால் நூற்றியொன்று என்று எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சாலையின் ஓரத்திலிருந்து,
தங்கள் பணிவுள்ள வரி செலுத்துபவன்.