பிசகாத கணக்கு

கணக்கென்றால் இப்படி இருக்க வேண்டும். 1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில், இலங்கையில் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்களான 975,000 இந்திய வம்சாவளி மனிதர்கள் சிந்தாமல் சிதறாமல் பங்கு வைக்கப்பட்டார்கள். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மிச்சமிருந்த 150,000 பேரையும் 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வரப்புச் சண்டையில் அண்ணன் தம்பியே வெட்டிக்கொள்ளும் நம் ஊர்களில், இரண்டு நாடுகள் முகம் சுளிக்காமல் பங்கு பிரித்ததை மெச்சத்தான் வேண்டும்.

பங்குக்குள்ளானவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த ஒழுங்கு குலைந்திருக்கும். அந்தச் சிரமத்தை அவர்களுக்குத் தரவில்லை. 1948இல் இவர்களின் பிரஜாவுரிமையையும் அடுத்த வருடமே வாக்கையும் எடுத்துவிட்ட டி. எஸ். சேனாநாயக்கா அரசாங்கத்தின் முன்யோசனை இங்கேதான் கைகொடுத்தது. 1947இல் நுவரெலியாவிலிருந்து தொழிற்சங்கத் தலைவர் தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனத்துக்கு, 1952 தேர்தலில் வாக்குச்சாவடிவரை நடக்கும் அலைச்சல்கூட இல்லை.

ஏழுக்கு நாலு என்ற விகிதமும் அருமையானது. நாலு பேர் இலங்கைப் பிரஜையாக வேண்டுமென்றால் ஏழு பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும். இங்கேயே இருக்கிறோம் என்று மனுப் போட்டவர்கள் ஒதுக்கிய தொகையைவிட எவ்வளவோ அதிகம். அதற்காகக் கணக்கை மாற்றிவிடவில்லை. அக்காளுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று தோட்டக் குடியிருப்பின் ஒரே லயத்துக் காம்பராவுக்குள்ளேயே இரண்டு தேசங்களை உண்டாக்கிய சாமர்த்தியம் வேறு யாருக்கு வரும்?

பயண ஏற்பாட்டையும் குறை சொல்ல இடமில்லை. தோட்டத்து லொறி அட்டன் ஸ்டேஷன்வரை கொண்டுவந்து விட்டது. டிரங்குப் பெட்டி, சுருட்டிய பாய், கயிறு போட்டுக் கட்டிய பாத்திர மூட்டை எல்லாம் ஏறின. ஆடு மாடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்திருந்தார்கள். சேமலாப நிதியை எடுத்துப்போக ஒப்பந்தத்திலேயே இடமிருந்தது. லயத்துக்குப் பின்னால் புதைத்த பிள்ளையையும் தாயையும் பற்றி அதில் ஒன்றுமில்லை. கோச்சி அசைந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கைகளை வெளியே நின்ற கைகள் விடவில்லை. மேடை முடியும்வரை ஓடி, அதற்குமேல் ஓட இடமில்லாமல் மாரில் அடித்துக்கொண்டு விழுந்தார்கள். அழக் கூடாது என்று எந்த உத்தரவும் இல்லை; அந்தச் சுதந்திரம் முழுமையாக இருந்தது. அதனால்தான் மலையகத்தில் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர்.

வட்டவளை, நாவலப்பிட்டி, கம்பளை, கடுகண்ணாவை, பொல்காவலை, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி, மன்னார். தோட்டத்துத் துரையின் எல்லையைத் தாண்டிப் பழகாத சனத்துக்கு அரசாங்கம் இலங்கையை இப்படி நீளவாக்கில் காட்டியது. எத்தனையோ பேர் தாங்கள் பிறந்த நாட்டை முதல் தடவையாகப் பார்த்தது, அதைவிட்டுப் போகும் அந்தப் பயணத்தில்தான். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைக்குக் காடு வழியே நடந்து, கொள்ளைநோயில் பாதி வழியிலேயே செத்து விழுந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் திரும்பிப் போக உட்கார இடம் கிடைத்தது. தலைமன்னாரில் கப்பல். நடுவில் கடல். அப்புறம் ராமேஸ்வரம்.

இந்தியாவின் உபசாரமும் சளைத்ததல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளை அனுப்புமுன் அடைத்துவைத்த மண்டபம் முகாமிலேயே திரும்பி வந்தவர்களையும் இறக்கினார்கள். குடும்ப அட்டை கொடுத்தார்கள். வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில், பின்னாளில் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆன அரசுத் தோட்டங்களில், மறுபடியும் தேயிலை. வேறு சிலருக்குக் கர்நாடகத்தில் ரப்பர், ஆந்திராவில் நூற்பாலை. ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்த பெண்ணையும் வியாபாரக் கடன் கொடுத்துச் சமவெளியில் கடை போடச் சொன்னார்கள். அவளுடைய திறமையில் அரசுக்கு அத்தனை நம்பிக்கை. இலங்கையில் கள்ளத்தோணி என்று ஏசப்பட்டவர்களை இங்கே சிலோன்காரர்கள் என்று அழைத்து, எந்தக் கரையிலும் ஊர்க்காரர் ஆகிவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

1984இல் கப்பல் நின்றது. அதற்குள் நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போயிருந்தார்கள். மிஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை தந்தது. 1948இல் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க 55 வருடம். அவசரப்பட்டு எதையும் செய்யாத நிதானம் என்று இதையும் பாராட்டலாம். இந்தியாவிலோ, டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கு ஒப்படைக்க 2022இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டபோது, அங்கே வாழ்க்கை முழுவதும் உழைத்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இனி எங்கே போவது என்று தெருவில் நின்று கேட்டார்கள்.

கொழும்பும் டெல்லியும் சென்னையும் இவ்வளவு செய்து காட்டியிருக்கின்றன. இன்னும் ஒன்றே ஒன்று கேட்கிறோம். அட்டனிலும் நுவரெலியாவிலும் லயத்தில் இருப்பவர்களுக்குக் காணி உறுதி எழுதிக் கொடுங்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருப்பவர்களுக்கு வீட்டுப் பட்டா கொடுங்கள். பெட்டி கட்டச் சொல்லி இனி ஒரு கடிதமும் அனுப்ப வேண்டாம்.