இரண்டு சென்ட் மேசையில் பொய் விலைபோகாது

1 சென்ட், 2 சென்ட் பிளைண்டில் (சீட்டுப் பார்க்குமுன் கட்டியாக வேண்டிய தொகைகள்; பெரியது பிக் பிளைண்ட்) நடக்கும் ஆன்லைன் நோ-லிமிட் போக்கரில் வழக்கமான கைமுதல் 100 பிக் பிளைண்ட், அதாவது 2 டாலர். இந்தத் தொகைக்கு உட்காருபவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்க வந்தவர்கள் அல்லர். ஆகவே பிளஃப் இங்கே எடுபடாது. நடுவில் 20 சென்ட் கிடக்கும்போது வெறுங்கையோடு 10 சென்ட் கட்டுபவருக்கு நட்டம் வராமலிருக்க, எதிராளி மூன்றில் ஒரு தடவையாவது விலக வேண்டும். எதிராளியோ இருப்பதிலேயே சின்ன ஜோடியை வைத்துக்கொண்டு, "அப்படி என்னதான் வைத்திருக்கிறான், பார்த்துவிடலாம்" என்று கட்டிவிடுகிறார். சமநிலை வியூகமெல்லாம் கரைத்துக் குடித்தவர் அவரை மடையர் என்று திட்டுவார். பணம் மடையரிடம் இருக்கும்.

பலிக்கும் உத்தி அலுப்பூட்டுவது. நல்ல சீட்டுக்குக் காத்திருந்து, பிக் பிளைண்டைப் போல் மூன்று மடங்குக்கு ஏற்றி, கை வலுத்தால் நடுப்பணத்தில் முக்கால் பங்கைக் கூச்சமின்றிக் கட்ட வேண்டும். பதுங்கிப் பாய்வதெல்லாம் வீண். பதுங்கியதையே அங்கே எவரும் கவனிப்பதில்லை. அதுவரை வாய் திறக்காமல் கட்டிவந்தவர் கடைசிச் சீட்டில் திடீரென ஏற்றினால், பெரும்பாலும் நம்பி விலகலாம். பல தளங்கள் நடுப்பணத்தில் சுமார் 5 விழுக்காட்டை எடுத்துக்கொள்கின்றன, சீட்டே பார்க்காமல்.