பதினேழாம் தேதிச் சங்கீதம்

எங்கள் தேரிக்காட்டுப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை என்பது சனிக்கிழமை சாயங்காலமே ஆரம்பமாகிவிடும். வெள்ளைச் சட்டை நீலம் முக்கிக் கொடியில் காயும். கோவில் முற்றத்துச் செம்மணலை யாராவது ஒரு சித்தி விளக்குமாற்றால் கோடு கோடாகப் பெருக்கிக்கொண்டிருப்பாள். ஆச்சி அடுப்படி மூலையிலிருந்து பிடியரிசிக் கொட்டானை எடுத்து, கையில் ஏந்தி எடை பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவாள். பிடியரிசி உங்கள் வீட்டிலும் இருந்திருக்கலாம். உலை வைக்கிற ஒவ்வொரு வேளையும், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து ஓலைக்கொட்டானில் போட்டுவிட்டு, மிச்சத்தைத்தான் களைவார்கள். அது ஞாயிறன்று காணிக்கையோடு கோவிலுக்குப் போகும். ஆச்சியின் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. காய்த்துப்போன விரல்கள் மூடும், இடுக்குகளில் நாலைந்து மணிகள் முறத்தில் உதிரும், அவள் அதைத் திரும்ப அள்ள மாட்டாள். தாத்தாவோடு சண்டை போட்ட நாளிலும், காய்ச்சலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்பூதிய நாளிலும் அந்தப் பிடி கொட்டானுக்குப் போனது. மனசு சரியில்லை, இன்றைக்கு வேண்டாம் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கோ அந்த வயதில் மனசுதான் எல்லாம். கோடை விடுமுறையில் கன்வென்ஷன் பந்தலில், பனையோலைக் கீற்றுக்குக் கீழே, ஆர்மோனியமும் டோலக்கும் சேர்ந்து உச்சத்துக்குப் போகிறபோது, என்னைப் போன்ற பையன்கள் பாயில் முழங்கால்படியிட்டுத் தேம்பித் தேம்பி அழுவோம். அழுது முடித்து வெளியே வந்தால் உடம்பு காற்றுப்போல இருக்கும், நட்சத்திரங்கள் பக்கத்தில் இருக்கும், வேலியோரம் சுக்குக்காப்பி விற்கிற அண்ணாச்சியைக்கூடக் கட்டிப்பிடித்து ஸ்தோத்திரம் சொல்லத் தோன்றும். ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார் என்பதற்கு அதுதான் அளவு என்று அந்தப் பையன் முழுமனதாக நம்பினான். அவனை நினைத்தால் இன்றும் எனக்குப் பிரியமான சிரிப்பு வருகிறது. அவன் அழுத அழுகை பொய்யில்லை. அது எல்லா நாளும் வராது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படி வராத காலம் என் நாற்பதுகளில் வந்தது, சென்னையில், வாடகை வீட்டில். சாவோ நோயோ கடனோ கிடையாது. ஒருநாள் காலை வேதத்தைத் திறந்தேன், எழுத்து எழுத்தாகவே இருந்தது. மறுநாளும் அப்படித்தான். ஜெபம் வாய்வரைக்கும் வந்து அங்கேயே நின்றது. பாடினால் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. இதைச் சொன்னால், “ஏதாவது பாவம் இருக்கும், ஆராய்ந்து பாருங்கள்” என்றார்கள் சிலர். உபவாசக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள் சிலர். எல்லோரும் அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் வறண்டு கிடப்பவனை இன்னும் கொஞ்சம் உணர்ச்சிவசப்படச் சொல்வது, தண்ணீர் பாதாளத்துக்குப் போன கிணற்றில் இன்னொரு வாளியை இறக்குவதைப் போன்றது.

இப்போது வசதிகள் எவ்வளவோ கூடிவிட்டன. அன்றைக்கு வருடப் பிறப்பு ராத்திரி ஆராதனையில் தட்டிலிருந்து ஒரே ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுத்து, அதை வேதத்துக்குள் வைத்து, ஓரம் மஞ்சளாகிப் பூச்சி அரிக்கும்வரை வருஷம் பூராவும் பார்த்துக்கொண்டிருப்போம். இன்று விடியுமுன்னே சூரியோதயப் படத்தோடு அத்தை மகனும், அடுத்த தெரு அக்காவும், பத்து வருஷமாகப் பார்க்காத கல்லூரி நண்பனும் ஆளுக்கொரு வாக்குத்தத்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். நடுராத்திரியில் தூக்கம் வராவிட்டாலும் யூடியூபில் ஒரு பிரசங்கியார் விழித்திருக்கிறார். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் என் பெரியம்மா ஞாயிறு ஆராதனையை டேப்லெட்டில் பார்த்து, கடைசி ஆசீர்வாதத்துக்குப் படுக்கையிலேயே கைகூப்புகிறாள். அதற்காக அந்தக் கண்ணாடிப் பலகைக்கு நான் ஆயிரம் நன்றி சொல்வேன். ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். வருகிற வசனங்களெல்லாம் பெருக்கத்தையும் உயர்வையும் பற்றியவை. 88-ஆம் சங்கீதத்தை எனக்கு யாரும் அனுப்பியதில்லை.

ஆச்சியின் பழைய ஜெபப் புத்தகம் அப்படிச் செய்யாது. 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குப் பிரித்து, காலைக்கு இவ்வளவு, மாலைக்கு இவ்வளவு என்று அதில் வைத்திருந்தார்கள். 17-ஆம் தேதி காலைப் பங்கில் 88 வந்தே தீரும். புலம்பலாகத் தொடங்குகிற மற்றச் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவதற்குள் எங்கேயாவது ஓர் ஓரத்தில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது. இருட்டிலேயே முடிந்துபோகும். பெரிய வெள்ளிக்கிழமை மாலை ஆராதனைக்கும் இதைத்தான், 69-ஆம் சங்கீதத்தோடு சேர்த்து, வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதியில் நீ சந்தோஷமாக இருக்கிறாயா, துக்கமாக இருக்கிறாயா என்று புத்தகம் கேட்பதில்லை. மாதம் ஒருமுறை சபை முழுவதும், கல்யாண வீட்டுக்காரர்கள் உட்பட, வறண்டு போனவனோடு சேர்ந்து அவன் வார்த்தைகளைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் தனியாக நிற்க வேண்டியிருக்கவில்லை.

அந்த வறண்ட வருஷங்களில்தான் வில்லியம் கூப்பரைப் பற்றிப் படித்தேன். இரத்தம் நிறைந்த ஊற்றைப் பற்றி அவர் எழுதிய பாட்டை நம் பாமாலைகளில் தமிழில் பாடாத சபை குறைவு. திருவிருந்து நாளில் எங்கள் கோவில் கூரையே அதிரும். அந்தப் பாட்டு இருக்கும் ஓல்னி ஞானப்பாடல் தொகுப்பு 1779-இல் வெளிவந்தது. அதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே, 1773-இல், கடவுள் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் கூப்பரைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் ஆலயத்துக்குப் போகவில்லை. 1800-இல் சாகும்வரை அந்த எண்ணம் அவரை முழுதாக விடவும் இல்லை. அது நோய், இன்றைக்கென்றால் வைத்தியம் செய்திருப்பார்கள், செய்யவும் வேண்டும். நான் யோசித்து யோசித்து நின்ற இடம் வேறு. அதே கூப்பர்தான் 1788-இல் அடிமை வியாபாரத்துக்கு எதிராகக் கவிதைகள் எழுதினார். ஒழிப்பு இயக்கத்தார் அவற்றை அச்சடித்து ஊரெங்கும் கொடுத்தார்கள். தனக்கு விடுதலை இல்லை என்று நம்பியவர், கடல் கடந்து விலங்கு பூட்டப்பட்டவர்களுக்காகப் பேனாவை எடுத்திருக்கிறார். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் புத்தகமாக வந்தபோதும் இதையே கண்டேன். கொல்கத்தாவில் அந்தப் பணியைத் தொடங்கிய காலத்திலிருந்து, இடையில் கொஞ்ச நாள் தவிர, 1997-இல் கண்மூடும்வரை உள்ளுக்குள் இருட்டுதான் என்று அவர் தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதியிருக்கிறார். காளிகாட்டில் சாகக் கிடந்தவர்களைக் கழுவியவரின் கை மட்டும் நிற்கவில்லை. அதைப் படித்து, அவருக்கு விசுவாசமே இல்லை என்று சிலர் வாதாடினார்கள். என் நினைப்பெல்லாம் பிடியரிசியில் இருந்தது.

இதை நான் உறுதியாகவே நம்புகிறேன். வறட்சிக்காலம் ஆண்டவர் நம்மை வேலையைவிட்டு நிறுத்திவைத்த காலமல்ல. உள்ளே இனிப்பு இருக்கும்போது செய்கிற ஊழியத்தில் அந்த இனிப்புக்காகச் செய்வதும் கொஞ்சம் கலந்திருக்கும். ஒன்றுமே கிடைக்காதபோது பக்கத்து வீட்டுக்காரனுக்குச் செய்வதில், செய்யப்படுகிறவன் மட்டுமே மிஞ்சுகிறான். எங்கள் ஊரில் பனை பதநீர் தருவதுகூட மழை நாளில் அல்ல. பங்குனி, சித்திரை வெயிலில், தேரி மணல் காலைச் சுடுகிறபோதுதான் பனையேறிகளுக்கு ஓயாத வேலை.

என் வேலை சின்னது. எங்கள் சபையில் ஒரு பெரியவர், ஒரு காலத்தில் கிராமங்களில் உபதேசியாராக இருந்தவர், கண் பார்வை மங்கி வீட்டோடு இருக்கிறார். செல்போனில் வேதத்தை வாசிக்கிற செயலியை அவருடைய பேரன் போட்டுக் கொடுத்திருக்கிறான். அந்தக் குரல் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் ஓடுகிறது என்று அவருக்குக் குறை. ஞாயிறு மதியம் நான் போய் வாசிக்கிறேன். எனக்கு ஒன்றும் தோன்றாத நாட்களில்தான் தொடங்கினேன். அவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. போன மாதம் முதலாம் நாளாகமத்துக்கு வந்தோம். முதல் ஒன்பது அதிகாரமும் வம்ச அட்டவணை, பெயர், பெயர், பெயர்.

“ஐயா, இதைத் தாண்டிப் பத்தாம் அதிகாரத்துக்குப் போயிருவோமா?”

“ஏன் தம்பி தாண்டணும்? ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும், ஒரு அம்மா இருந்திருப்பா. பேரை விடாம வாசி.”

விடாமல் வாசித்தேன். நாக்கு பிசகின இடத்தில் அவர் மனப்பாடமாகத் திருத்தினார். சில பெயர்களுக்கு உதட்டை அசைத்துக் கூடவே சொன்னார். ஏழாம் அதிகாரம் வரும்போது எனக்கும் அந்தப் பெயர்களில் ஒரு பற்று வந்திருந்தது. எஸ்றா இரண்டாம் அதிகாரத்திலும் நீளமான பட்டியல் ஒன்று இருக்கிறதென்று இப்போதே நினைவூட்டி வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று வாங்கிவிட வேண்டும்; என் கண்ணாடி பழசாகிவிட்டது.