வலப்பக்க வாழ்க்கை

நேற்று ஒரு வளைகாப்புப் பந்தியில் பக்கத்து இலை மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, இடப்பக்கமா?" என்றார். தலையாட்டினேன். "கிராம்பை வை. டாக்டர்கிட்ட மட்டும் போயிடாதே. மேல்பல்லைத் தொட்டா கண்ணு போயிடும்." என்னுடையது கீழ்க்கடைவாய்ப்பல். அதைச் சொல்வதற்குள் அவர் பாயசத்துக்குப் போய்விட்டார்.

கிராம்பின் மேல் எனக்குக் கோபமில்லை. அதிலுள்ள யூஜினால் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும். அதற்காகச் சொத்தை அடைந்துவிடாது. புழுவும் சாகாது; பல்லில் புழுவே கிடையாது.

போகட்டும். ஒருபக்கமாக மெல்வது லேசுப்பட்ட வித்தையா? இட்லி சாது, விட்டுவிடலாம். மிக்சரில்தான் ஆள் யாரென்று தெரியும். ஓமப்பொடி வலப்பக்கம் ஒதுங்கிவிடும். வேர்க்கடலை சொன்ன பேச்சைக் கேட்காது. நாக்கு ஓடிப்போய் வழிமறிக்க வேண்டும். முறுக்கைக் கையால் பொடித்து நேராக வலக்கடைவாயில் செருக வேண்டும். காபிக்குத் தலையைச் சாய்த்தாக வேண்டும். அண்ணாந்து குடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர்களுக்குச் சட்டை போயிற்று. கொய்யா விதையைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஆனால் பேசுவேன். அது எங்கே விழுந்தாலும் கடைசியில் சொத்தைக்குள்தான் குடியேறும். குண்டூசி, ஊக்கு, தீக்குச்சி என்று வீட்டிலுள்ள கூர்மையெல்லாம் வாய்க்குள் போய்வரும். பொரிவிளங்காய் உருண்டையைக் கண்ணால் மட்டும் சாப்பிட வேண்டும். இத்தனை சாமர்த்தியத்தை வேறெதிலாவது காட்டியிருந்தால் இந்நேரம் கலெக்டராகியிருப்போம்.

குளிர்ந்த மோர் பட்டு ஒரு கணம் கூசி அடங்கும்போதே டாக்டரிடம் போனால், சொத்தையைச் சுரண்டி அடைத்துவிடுவார்கள். உள்ளிருக்கும் பற்கூழ் தேறிவிடும். சூடு பட்டு, காபி இறங்கிய பிறகும் வலி இறங்காமல் விண்விண்ணென்று தெறித்தால் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. கூழ் வீங்கப் பார்க்கிறது, சுற்றிலும் கெட்டிச் சுவர், இடமில்லை, நரம்புதான் நசுங்குகிறது. படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். அதனால்தான் கிளினிக் பூட்டிய பிறகே இந்த வலிக்கு விடிகிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் இதை ஒன்றும் செய்யாது.

பிறகு ஒருநாள் வலி திடீரென்று நின்றுவிடும். "பாத்தியா, கிராம்பு!" என்பார்கள். நின்றது வலியல்ல, கூழின் உயிர். கிருமி நிதானமாக வேர்நுனிக்கு இறங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் கன்னம் வீங்கி, ரூட் கேனல். கீழ்க்கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் 2 வேர், 3 கால்வாய். மெல்லிய அரத்தால் ராவி, ஹைப்போகுளோரைட் விட்டுக் கழுவி, கட்டா பெர்ச்சா என்கிற மரப்பால் பிசினால் அடைத்து, மேலே ஒரு கேப். ஊசி போட்டுவிடுவதால் அவ்வளவாக வலிக்காது. பில்லுக்கு ஊசி இல்லை.

இதெல்லாம் வராமல் தடுப்பது எப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஃப்ளோரைடு பேஸ்டால் தினம் 2 வேளை தேய்க்க வேண்டும். காலையில் எல்லோரும் தேய்க்கிறோம். ராத்திரி தேய்ப்பதுதான் முக்கியம், அதற்கப்புறம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. நானும் தேய்க்கிறேன். தேய்த்துவிட்டுத் திரும்பினால் அத்தை டம்ளரோடு நிற்கிறார், சர்க்கரை தூக்கலாக. "பல் தேய்ச்சாச்சு அத்தை."

"பால்தானே, இதென்ன சாப்பாடா?"