ஊசி படாத பட்டும் ஃபால்ஸ் கூலியும்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரத்தில் குடியிருந்தால், உறவில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் பட்டெடுக்க வரும் கூட்டம் நம் வீட்டில்தான் இறங்கும். இந்த முறை தலைமை தாங்கி வந்தது என் பெரிய அத்தை. கடையில் சேலையைத் திருப்பிப் பார்த்து எல்லோருக்கும் பாடம் எடுத்தார். "உடல் ஒரு நிறம், பேட்டு ஒரு நிறம். எங்கேயாவது ஊசி பட்டிருக்கா பாருங்கடி!"

பட்டிருக்கவில்லைதான். அது கோர்வை. மூன்று நாடா ஓட்டி, கூட ஓர் ஆளையும் வைத்துக்கொண்டு, பேட்டு என்கிற கரையையும் உடலையும் தறியிலேயே இணைத்துவிடுவார்கள்.

ஊசியே படாத அந்தப் பெருமைக்கு மறுநாளே ஊசி தேவைப்பட்டது. ஃபால்ஸ் அடிக்க வேண்டுமே! எங்கள் தெருத் தையல்கார அக்கா கூலி சொன்னதும் அத்தைக்கு மூச்சு முட்டியது. பட்டுக்கடை பில்லுக்கு முட்டாத மூச்சு.

"ஒரு முழத் துணியை ஒட்டவா இவ்வளவு? மிஷின்ல சரசரன்னு ஓட்டிடேன்."

"ஓட்டலாம்மா. பட்டு சுருக்கம் விழுந்தா என்கிட்ட வரக்கூடாது."

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. மிஷினில் மேல் நூலும் பாபின் நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ளும். இழுவிசை கொஞ்சம் கூடினால் மெல்லிய பட்டு சுருங்கும். தையலும் வெளியே பல்லைக் காட்டும். கையால் எம்மிங் செய்தால் சேலையில் ஓரிரு இழையை மட்டும் குத்தி எடுப்பார்கள். வெளியே புள்ளிகூடத் தெரியாது. அதற்கு முன் ஃபால்ஸ் துணியைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து இஸ்திரி போட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நனையும்போது அது சுருங்கிச் சேலையையும் கூடவே இழுக்கும்.

அத்தை பின்வாங்கவில்லை. "திரௌபதி சேலைக்கு யாரு ஃபால்ஸ் அடிச்சாங்க?"

கேள்வி கேட்ட ஊர் பொருத்தமானது. பாரதம் வாசிப்பதற்கென்று 7ஆம் நூற்றாண்டிலேயே பங்கு ஒதுக்கியதைச் சொல்லும் பல்லவர் செப்பேடு கிடைத்த ஊர் இது. ஆனால் அக்கா அசரவில்லை. "அந்தச் சேலை முடிஞ்சாத்தானேம்மா ஓரம் அடிக்க?"

அதே அத்தை ரவிக்கையின் ஆரி வேலைக்குச் சேலை விலையில் பாதியை மறுபேச்சில்லாமல் கொடுத்தார். ஆரியின் அடிப்படை சங்கிலித் தையல், வளையத்துக்குள் வளையம். அரிசி மூட்டை வாயை ஒற்றை நூலில் மூடுவதும் அதே தையல்தான். சரியான நுனி அகப்பட்டால் ஒரே இழுப்பில் மொத்தமும் கழன்றுவிடும். மூட்டைக்கு அது வசதி, முதுகுக்கு அல்ல. நல்ல ஆரிக்காரர் கடைசியில் முடிச்சுப் போடாமல் விடமாட்டார்.

பிரான்ஸில் திமோனியே 1830-ல் உரிமம் பெற்ற மிஷினும் சங்கிலித் தையல்தான் போட்டது. பிழைப்புப் போய்விடும் என்று பயந்த தையல்காரர்கள் மறு வருடமே அவர் பட்டறையை நொறுக்கினார்கள். எங்கள் அக்காவுக்கு மிஷினைக் கண்டு பயமில்லை, பேரத்தைக் கண்டுதான்.

பட்டுக்கடையில் வாய் திறக்காதவர்கள் ஃபால்ஸ் கூலிக்கும் திறக்க வேண்டாம். திறந்தே தீர வேண்டுமென்றால் ஒன்று மட்டும் கேளுங்கள்: "துணியை ஊறவைச்சீங்களா?"